நெல்டாவின் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்த இடம் இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டால், முதலில் தெரிந்தவர் எதை இழக்கிறார்? ஏரி அங்கேயேதான் கிடக்கிறது. மீனும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். யாரும் எதையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று போய்விடுகிறது. நெல்டா டிட்மோர் இந்தக் கேள்வியைப் பதினோரு வருடம் சுமந்தாள். அவளுக்கு விடை கிடைத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அலபாமாவின் வடகிழக்கில், டென்னசி ஆற்றை அணை கட்டி நிறுத்திய நீண்ட ஏரியின் கரையில், நெடுஞ்சாலை ஓரமாக கர்டிஸ் மேச்சனின் தூண்டில் கடை இருக்கிறது. அங்கே கல்லாவுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நிற்பவள் நெல்டா. ஐம்பத்தெட்டு வயது. ஒருமுறை திருமணமாகி, அது முடிந்து, பிள்ளைகள் இல்லை. கூந்தலைத் தூக்கிக் கட்டி அதில் பென்சிலைச் செருகியிருப்பாள். பாஸ் மீன் பிடிக்கக் கிளம்புகிறவன் எந்தத் தூண்டில் கோலை எடுக்க வேண்டும், ரீலில் எந்த நரம்பைச் சுற்ற வேண்டும், தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் மீன்காட்டிகளில் எதைப் படகில் எங்கே பொருத்த வேண்டும் என்பதை அந்த வட்டாரத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. இதை ஆண்கள் ஒப்புக்கொள்ளப் பத்து வருடம் ஆனது. அதன் பிறகு, அது தங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பதுபோல் நடந்துகொண்டார்கள்.

யார் என்ன கேட்டு வந்தாலும் அவள் முதலில் மூன்று கேள்வி கேட்பாள். எந்தத் தண்ணீர், வருடத்துக்கு எத்தனை நாள், படகில் பின்னால் யார் உட்காருவார். மூன்றாவது கேள்வி எதற்கென்று பலருக்குப் புரிவதில்லை.

ஹன்ட்ஸ்வில்லிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார். புதுப் படகு. கையில் ஒரு பட்டியல்.

"நாலு திரை வேணும், மிஸ் நெல்டா. ஸ்டியரிங் பக்கத்துல ரெண்டு, முன்தளத்துல ரெண்டு."

"டாக்டரு, வாய்க்குள்ள பாக்க எத்தனை கண்ணாடி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

"அந்த ஒண்ணுல பல்லு தெரியுதுல்ல?"

காபி இயந்திரத்தின் பக்கம் நின்றிருந்த இருவர் சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"வருஷத்துக்கு எத்தனை நாள் போவீங்க?"

"இருபது. வேலை கம்மியா இருந்தா முப்பது."

"முப்பது நாளுக்கு ரெண்டு திரை போதும். அதைப் பழகவே உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆகும். பின்னாடி யாரு உக்காருவா?"

"என் பொண்டாட்டி. சில நாள்."

"அப்போ ஒண்ணை அவங்களும் பாக்குற மாதிரி திருப்பி வைங்க. முன்னாடி நிக்கிறவரே எல்லாத்தையும் பாத்துக்கிட்டு, பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு உங்க முதுகு மட்டும் தெரிஞ்சா, அந்தச் சில நாளும் போயிடும்."

பிறகு அவர் எடுத்து வைத்திருந்த விறைப்பான கோலைச் சுவரில் மாட்டிவிட்டு, கண்ணாடி நாரில் செய்த தொய்வான கோலை எடுத்துக் கொடுத்தாள். ஆழத்தில் மூழ்கி ஓடும் பொய் இரையை மீன் வாய்க்குள் வாங்கிக்கொள்ள ஒரு நொடி வேண்டும். விறைத்த கோல் அந்த நொடியைக் கொடுக்காது. "அவசரமாப் புடுங்கறது உங்க தொழில்ல சரி. இங்க வேண்டாம்" என்றாள்.

வந்தவர்கள் நினைத்ததைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போவார்கள். கர்டிஸ் முதலில் முணுமுணுத்தார். அவர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டார்.

நெல்டாவுக்கும் ஒரு படகு இருந்தது. அலுமினியத்தில் செய்த பழைய படகு, அதில் ஒரே ஒரு நல்ல மீன்காட்டி. பின்னிருக்கையை மடக்கி அதன்மேல் இரைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாள். அந்த இருக்கையை யாருக்காகவும் அவள் விரித்ததில்லை.

அது அவள் அண்ணன் வெர்லனின் இடம்.

வெர்லன் அவளைவிட நான்கு வயது மூத்தவன். ஃபோர்ட் பெய்னில் சாக்ஸ் ஆலையில் வேலை பார்த்தான். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோதும் கடைசிவரை தாக்குப்பிடித்த ஒன்றில் இருந்தான். பேச்சு குறைவு. படகை நிறுத்தி வைப்பதில் அவனுக்கு நிகர் இல்லை. காற்று எப்படி அடித்தாலும் சின்ன மின்மோட்டாரைக் காலால் அழுத்தி, தண்ணீரின்மேல் ஆணி அடித்ததுபோல் படகை ஒரே இடத்தில் நிறுத்துவான். இரை எதைப் போடுவது என்பது நெல்டாவின் முடிவு, எங்கே நிற்பது என்பது அவனுடையது. சனிக்கிழமைப் போட்டிகளில் அவன் படகிலும் மற்ற நாட்களில் அவள் படகிலும் பதினாறு வருடம் ஒரே ஜோடியாகப் போனார்கள். நிறைய முறை தோற்றார்கள், சில முறை வென்றார்கள். இரண்டுக்கும் ஒரே அளவுதான் பேசிக்கொண்டார்கள்.

2006 ஜூலையில் அவர்கள் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அணைக்கு முன்பு ஆறு ஓடிய பள்ளத்தின் விளிம்பில், பதினேழு அடி ஆழத்தில், ஒரு பிக்கப் வண்டியின் அளவுக்குச் சிப்பி ஓடுகள் குவிந்து கிடந்தன. திரையில் அது ஒரு வெள்ளைக் கீறலாகத் தெரிந்தது. பத்தடி தள்ளி வீசினால் ஒன்றுமில்லை. சரியாக அதன்மேல் வீசினால், வருடத்தில் எந்த மாதமானாலும் ஒரு மீனாவது இருக்கும். நெல்டா அந்தப் புள்ளியைத் தன் மீன்காட்டியில் பதிந்து, "சரக்கறை" என்று பெயர் வைத்தாள். அவர்கள் அம்மா வீட்டுச் சரக்கறை அப்படித்தான். எப்போது கதவைத் திறந்தாலும் ஒரு ஜாடியாவது இருக்கும்.

இடம் என்பது அங்கே சாதாரண விஷயமல்ல. மனைவியிடம் சொல்லாத இடத்தைப் போதகரிடமும் சொல்ல மாட்டார்கள். வேறு படகு கடந்து போனால் வீசுவதை நிறுத்திவிட்டு, சாண்ட்விச் சாப்பிடுவதுபோல் பாவனை செய்வார்கள். கடந்து போகிறவரும் நாகரிகம் தெரிந்தவரானால் அந்தப் பக்கம் நீண்ட நேரம் பார்க்க மாட்டார். நெல்டாவும் வெர்லனும் இதற்குமேல் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் சரக்கறைக்குப் போவதில்லை.

2010 ஜூனில் ஒரு சனிக்கிழமை. போட்டியில் படகுகள் குலுக்கல் எண் வரிசையில் கிளம்பும். அவர்களுக்கு முப்பத்தொன்று. விடிந்து சற்று நேரத்தில் ஆற்றுப் பள்ளத்தின் வளைவைத் தாண்டியபோது, சரக்கறையின்மேல் ஒரு சிவப்புப் படகு நின்றது. ஐம்பதடி தள்ளி அல்ல, சரியாக அதன்மேல். அவர்கள் நான்கு வருடத்தில் கண்டுபிடித்த கோணத்திலேயே ராய்ஸ் பிக்கெட் வீசிக்கொண்டிருந்தான். வெர்லனின் ஆலையில் அதே ஷிஃப்டில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்காருபவன்.

ராய்ஸ் கையைத் தூக்கினான். "மார்னிங், மிஸ் நெல்டா. என்ன வெர்லன்."

வெர்லன் படகைத் திருப்பி அரை மைல் தள்ளி நிறுத்தினான்.

"நீ சொன்னியா?" என்றாள் நெல்டா.

"எதை?"

"எதைன்னு கேக்காத."

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஒரே ஷிஃப்ட். ஒரே பெஞ்ச்."

"அவன்கூட சாக்ஸைப் பத்திப் பேசுவேன். சாமியைப் பத்திப் பேசுவேன். மீனைப் பத்திப் பேசினதே இல்ல."

"அப்போ மீனே போய்ச் சொல்லிச்சா? தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. நான் சொல்லல, அண்ணே."

வெர்லன் அவளை நன்றாகப் பார்த்தான். "அப்போ நான் பொய் சொல்றேங்கற."

இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. மூன்று நான்கு அலைகள் படகின் பக்கவாட்டில் தட்டிவிட்டுப் போகும் அளவுக்கு நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை. அவன் எஞ்சினைக் கிளப்பினான். படகுத்துறையில் அவள் தன் கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் வைத்தாள். அவன் டிரெய்லரில் படகை ஏற்றிக்கொண்டு போனான்.

அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வீட்டுக்கும் இடையே ஆறு மைல். வெர்லன் தூண்டில் சாமான் வாங்க மேச்சன் கடையைத் தாண்டி நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போனான். ஒரு ரீலுக்குச் சுற்றும் நரம்புக்குக்கூட. நெல்டா ஆலயத்தை மாற்றிக்கொண்டாள். 2016இல் அம்மா இறந்தபோது சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் இருவரும் நின்றார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பது வெர்லனின் மனைவி பாட்ஸியின் வழியாகத் தீர்ந்தது. ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் நெல்டாவுக்கு வந்தன. அவள் கேட்கவில்லை, அவன் அனுப்பியிருந்தான்.

அந்த வருடங்களில் அவள் அதிகம் ஏங்கியது பேச்சுக்கு அல்ல. பேச்சு அவர்களிடம் எப்போதுமே அதிகம் இருந்ததில்லை. ஒரு நல்ல மீனைப் படகில் ஏற்றிய பிறகு திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒருவன் வலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவான். அந்த ஆட்டல் இல்லாமல் மீனின் எடை பாதியாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. தராசு அப்படிச் சொல்லவில்லைதான். தனியாகப் போகும் நாட்களில் பள்ளத்தின் வளைவுக்கு முன்பே படகைத் திருப்பிவிடுவாள். விதியைப் போட்டவர்களே பிரிந்த பிறகும் விதி எதற்கு என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

2021 அக்டோபரில் பாட்ஸி கடைக்குள் வந்தாள். எந்த ஊரிலும் புது மீன்காட்டி கிடைக்காத காலம் அது. மின்னணுச் சில்லு வரவில்லை, கப்பல் வரவில்லை என்று நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. கடையின் அலமாரியில் பெட்டிகள் இருந்த இடத்தில் கர்டிஸ் தொப்பிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"நெல்டா, உங்கண்ணன் மெஷினு செத்துப்போச்சு" என்றாள் பாட்ஸி. "டிகேட்டர்ல இல்ல, ஹன்ட்ஸ்வில்ல இல்ல. வீட்டுல அந்த மனுஷன் என் மூஞ்சியவே திரை மாதிரி முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. என்னால முடியல."

"அண்ணன் அனுப்பினாரா, அண்ணி?"

"அவரா அனுப்புவாரு? நான் முட்டை வாங்கத்தான் வந்தேன். அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்."

நெல்டா கர்டிஸைப் பார்த்தாள். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வைத்திருந்த பழைய மீன்காட்டி இயந்திரம் ஒன்று பின்னறையில் கிடக்கிறது, ஓடினால் எடுத்துக் கொடு என்றார் அவர். 2010இல் கல்லாவின்மேல் மாட்டி வைத்திருந்தது அது. அந்த ஆகஸ்டில் ஒருநாள், படம் மங்குகிறது என்று சொல்லிக் கர்டிஸே அதைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார். மங்கியதாக நெல்டாவுக்கு அப்போது தோன்றவில்லை. முதலாளியின் பொருள் என்று விட்டுவிட்டாள்.

தூசியைத் துடைத்து பேட்டரியில் இணைத்தாள். திரை எரிந்தது, பளிச்சென்று. ஏரியின் வரைபடம் வந்தது. பாட்ஸி தொப்பிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறதா என்று பார்க்க நெல்டா படத்தைப் பெரிதாக்கினாள்.

பெரிதாக ஆக, புள்ளிகள் தெரிந்தன. ஒன்று, ஐந்து, முப்பது. ஒவ்வொன்றின் அருகிலும் சின்னப் பெயர். அடுப்பங்கரை. பின்வாசல். உடைந்த படி. துணிக்கொடி. அம்மா வீட்டுப் பெயர்கள். உலகத்தில் வேறு யாரும் ஒரு மீன் இடத்துக்குத் துணிக்கொடி என்று பெயர் வைக்க மாட்டார்கள். மூலையில் எண்ணிக்கை இருந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு. பள்ளத்தின் விளிம்பில், பதினேழு அடி ஆழத்தில், சரக்கறை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

2010 ஏப்ரல். புதிதாக வந்த இயந்திரத்தில் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வெறும் மாதிரிப் படம்தான் இருந்தது. மாதிரிப் படத்தைப் பார்த்து யாரும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அவள் கொள்கை. அதனால் தன் படகின் மீன்காட்டியிலிருந்து நினைவக அட்டையை எடுத்து வந்து செருகினாள், நம் ஏரியின் அடி எப்படித் தெரிகிறது பாருங்கள் என்று காட்ட. செருகியதும் இயந்திரம் ஏதோ கேட்டது. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. படத்தைத் திறக்கத்தான் கேட்கிறது என்று நினைத்து "ஆம்" என்று அழுத்தினாள். மாலையில் அட்டையை எடுத்துக்கொண்டாள். அட்டையிலிருந்த புள்ளிகளின் நகல் இயந்திரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, பெரிதாக்கினால்தான் தெரியும்.

அதற்குச் சில வாரம் கழித்து மழை பெய்த ஒரு வியாழக்கிழமையும் அவளுக்கு நினைவு வந்தது. ராய்ஸ் பிக்கெட் நான்கு ரீல் கொண்டுவந்தான், புது நரம்பு சுற்ற. அரைமணி நேர வேலை. அவள் சுற்றிக்கொண்டிருந்தபோது அவன் கல்லாவில் சாய்ந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தான். அவளே கேட்டாள், "என்ன ராய்ஸ், வாங்கப்போறியா, விளையாடப்போறியா?" "சும்மா விளையாடறேன், மிஸ் நெல்டா. நல்லா காட்டுது" என்றான்.

இப்போது ராய்ஸும் இல்லை. ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டான்.

"ஓடுதா?" என்றாள் பாட்ஸி, தலையில் ஆரஞ்சுத் தொப்பியோடு.

"ஓடுது அண்ணி. ஆனா இது வேண்டாம். சனிக்கிழமை நானே வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டிக் குடுக்கறேன்."

பாட்ஸி தொப்பியைக் கழற்றினாள். "நீயா? வீட்டுக்கா?"

"முட்டை வாங்கப் போன இடத்துல நெல்டா வந்து நிக்கப் போறான்னு சொல்லிடுங்க. நான் வந்து அவரைத் திடுக்கிட வைக்க வேண்டாம்."

அன்று கடை மூடியதும் அவள் தன் படகுக்குப் போனாள். அதிலிருந்த மீன்காட்டியை, கம்பிகளோடும் தண்ணீருக்குள் ஒலி அனுப்பும் கட்டியோடும் கழற்றினாள். தன் புள்ளிகளை அதிலிருந்து அழித்தாள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை காலை வெர்லன் படகுக் கொட்டகையில் நின்றான். அறுபத்திரண்டு வயது, முதுகு சற்று வளைந்துவிட்டது. அவளைப் பார்த்துவிட்டுப் படகைப் பார்த்தான்.

"பழசைக் கழட்டிட்டேன். வயரை வெட்டல."

பதினோரு வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"வெட்டாதது நல்லது. ஆனா அந்த வயரு வேண்டாம். மோட்டாரு வயரு கூடவே ஓடுது. மோட்டாரை அமுக்கறப்போ திரையில மழை பேஞ்ச மாதிரி கோடு விழுந்திருக்குமே?"

"விழும்."

"எத்தனை வருஷமா?"

"ரொம்ப வருஷமா."

"யாரு மாட்டினா?"

"நான்தான்."

"அதான பாத்தேன்."

அவன் உதடு கொஞ்சம் அசைந்தது. அவள் படகின் தரைப்பலகையைத் தூக்கி, பேட்டரியிலிருந்து நேராக வேறு கம்பி இழுத்தாள். அவன் சொல்லாமலே டார்ச்சைப் பிடித்தான். அவள் கை எங்கே போகுமோ அங்கே வெளிச்சம் ஒரு நொடி முன்னதாகப் போனது. கடைசி திருகு ஆணியைப் போடும்போது, அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே. அது நான்தான்."

"எது?"

"எதுன்னு கேக்காத."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை, தொலைபேசி, ஆம் என்று அழுத்தியது, ராய்ஸின் நான்கு ரீல். அவன் டார்ச்சை அணைக்கவில்லை.

"தெரியும்" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"அந்த ஆகஸ்ட்ல கடைக்கு வந்தேன். பாட்ஸி பீச் பழம் ஊறப்போட்ட ஜாடி ஒண்ணு குடுத்து, போய்ப் பேசிட்டு வாய்யான்னா. நீ சாப்பிடப் போயிருந்த. நின்னுக்கிட்டு இருந்தேன், கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல, அந்தப் பொத்தானை அமுக்கினேன். துணிக்கொடி தெரிஞ்சுது." பழைய வயரை ஓரமாகத் தள்ளினான். "கர்டிஸ்கிட்ட சொன்னேன், இதைத் தூக்கி உள்ள வை, ஏன்னு கேக்காத, அவகிட்டயும் சொல்லாதன்னு. ஒண்ணு போனாப் போவுது. மிச்சம் இருநூறையும் நாலு பேரு பாத்துடக்கூடாதுல்ல."

"ஜாடி?"

"வண்டியில உக்காந்து நானே தின்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை.

"ஏன் அண்ணே சொல்லல?"

வெர்லன் டார்ச்சைக் கைமாற்றினான். "மொத வருஷம் கோவம். நீ அப்படி நெனச்சியேன்னு. அடுத்த வருஷம், நீயே கண்டுபிடிப்பன்னு இருந்தேன். ஊருக்கே தண்ணிக்கு அடியில என்ன கெடக்குன்னு காட்டறவ. அப்புறம் அம்மா போயிட்டாங்க. அப்புறம் பழகிப்போச்சு." பிறகு, வேறு விஷயம் பேசுவதுபோல், "அந்த ஆணியை இன்னும் கால் சுத்து இறுக்கு. அலையில ஆடும்."

அவள் இறுக்கினாள். மன்னித்துவிடு என்ற வார்த்தையை வழியெல்லாம் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். அதைச் சொல்லும் இடம் எங்கேயோ கடந்து போய்விட்டிருந்தது.

"அதுக்கப்புறம் சரக்கறைக்குப் போனியா?" என்று கேட்டாள்.

"நீ இல்லாம எப்படிப் போறது?" என்றான் வெர்லன். அவள் ஏன் இதைக் கேட்கிறாள் என்று அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனார்கள். போட்டி எதுவும் இல்லை. வெர்லன் முன்தளத்தை அவளுக்கு விட்டுவிட்டு வழக்கம்போல் மோட்டாரின் பக்கம் நின்றான். வளைவைத் தாண்டியதும் அவள் திரையைப் பார்த்தாள். வெள்ளைக் கீறல் இல்லை. எத்தனையோ வெள்ளத்தில் வந்த சேறு சிப்பிகளை மூடிவிட்டிருந்தது. அங்கங்கே ஒரு மின்னல் மட்டும். இரண்டு இளைஞர்களின் படகு, எதிரில் ஓடும் மீனைக்கூட நேரில் காட்டும் புதுத் திரைகளோடு, நிற்காமல் தாண்டிப் போனது. அவர்களுக்கு அது ஒன்றுமில்லாத தண்ணீர்.

வெர்லன் படகை ஆணி அடித்ததுபோல் நிறுத்தினான். முதுகு வலித்தும் நிறுத்தினான். இரண்டு மணி நேரம் வீசினார்கள். அவள் ஆழ ஓடும் இரையைப் போட்டாள், பிறகு ஈயக்குண்டு கட்டிய நீண்ட புழுவைப் போட்டாள். கடைசியில் ஒரு மீன் கடித்தது. கையகலம்கூட இல்லை. அவள் அதை விடுவித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வெர்லன் வலையோடு நின்று தலையை ஆட்டினான்.

டப்பாவைத் திறந்து சின்ன சாசேஜையும் உப்பு பிஸ்கட்டையும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு படகு கடந்து போனது. இருவரும் பழக்கத்தில் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள், மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில்.

"அம்மா வீட்டு சரக்கறையும் கடைசியில காலியாத்தான் இருந்துச்சு" என்றான் வெர்லன்.

"ஜாடியெல்லாம் எனக்கு அனுப்பிட்டியே."

"அதச் சொல்லல."

"தெரியுது."

பத்து மணிக்குக் காற்று எழுந்தது. அவர்கள் கரைக்குத் திரும்பினார்கள். அவன் முதுகு தாங்கும் நாட்களில் அதற்குப் பிறகும் போனார்கள், ஆனால் எல்லா சனிக்கிழமையும் அல்ல. பதினோரு வருடத்தை அப்படியெல்லாம் நிரப்ப முடியாது. அவள் ஏக்கம் தீரவில்லை. அது முன்பு ஒரு மனிதனைத் தேடியது, இப்போது போன நாட்களைத் தேடியது. அந்த நாட்களைக் காட்டும் திரை எதுவும் அவள் கடையில் இல்லை.

திங்கட்கிழமை நெல்டா கடையைத் திறந்ததும் பின்னறைக்குப் போனாள். பழைய காட்சி இயந்திரத்தை எடுத்து வந்தாள். கல்லாவின்மேல் அது முன்பு இருந்த இடத்தில் நான்கு துளைகள் இன்னும் இருந்தன. அதிலேயே மாட்டி, நான்கு ஆணியையும் இறுக்கி, கம்பியை இணைத்தாள். ஏரி வந்தது. அவள் அதைப் பெரிதாக்கினாள், புள்ளிகளும் பெயர்களும் தெரியும் அளவுக்கு. பிறகு திரையைத் தன் பக்கத்திலிருந்து வாடிக்கையாளர் நிற்கும் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

கர்டிஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நெல்டா. இதுல உன் இடமெல்லாம் அப்படியே இருக்கு."

"இருக்கு."

"அழிச்சுட்டு வைக்கலாம்ல?"

"வைக்கலாம்."

அவள் கூந்தலிலிருந்து பென்சிலை எடுத்தாள். கதவு மணி அடித்தது, முதல் ஆள் வந்தான். கோல்கள் இருக்கும் சுவரைப் பார்க்காமல் நேராக வெளிச்சத்தின் பக்கம் வந்து, குனிந்து, படத்தின்மேல் விரலை வைத்தான்.

இடங்களை ஏன் அழிக்காமல் வைத்தாள் என்று பின்னாளில் கர்டிஸ் வெர்லனிடமும் கேட்டார். அவளைக் கேளு என்றான் அவன். கேட்டவர்களிடம் அவள் எந்தத் தண்ணீர் என்று கேட்டாள், வருடத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டாள், பின்னால் யார் உட்காருவார் என்று கேட்டாள்.